காலை ஷிப்டுக்கு ஒரு விரதம்

எங்கள் வேலையில் கையால் சாப்பிட முடியாது. இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் கடலைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், ஹோட்டல் அறை பதிவு செய்து தரும் ஒரு நிறுவனத்துக்காக, வாடிக்கையாளர்களோடு தட்டச்சில் பேசுவதுதான் என் வேலை. ஒரே நேரத்தில் மூன்று பேரோடு பேச வேண்டும். ஒருவருக்கு அறையில் ஏர்கோன் ஓடாது. இன்னொருவர் விமானத்தைத் தவறவிட்டிருப்பார். மூன்றாமவருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, கோபம் மட்டும் இருக்கும். பதில் தாமதமானால் திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். சோறு பிசைந்த விரலோடு அந்தக் கட்டத்தைத் துரத்த முடியுமா? அதனால் எங்கள் மாடியில் எல்லாரும் முள்கரண்டியால் குத்தி எடுக்கக்கூடியதைத்தான் சாப்பிட்டோம். கறிபாப் என்கிற பஃப், நகெட், கப் மீ நூடுல்ஸ். எதுவும் இல்லாத நாளில் ஐஸ் போட்ட தேநீர், ஒரு தே ஆயிஸ், அவ்வளவுதான்.

சாப்பாட்டு இடைவேளை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. லிஃப்டுக்குக் காத்திருந்து, கீழே போய், நாசி கண்டார் சோற்றுக் கடை வரிசையில் நின்று, தப்பாவ் பொட்டலத்தோடு மேலே வருவதற்குள் அது தீர்ந்துவிடும்.

எனக்கு மதிய ஷிப்ட். ஐரோப்பாக்காரர்கள் விழித்திருக்கும் நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம். நான் வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். காலையில் அவளை எழுப்பி, ஜடை பின்னி, பள்ளி வேனில் ஏற்றிவிட்டால், மறுபடி பார்ப்பது அடுத்த நாள் காலையில்தான். வார நாட்களில் என் மகளை நான் பள்ளிச் சீருடையில் மட்டும்தான் பார்த்தேன். கணவர் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இரவுச் சோற்றை அவரும் மகளும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தத் தட்டைப் படம் எடுத்து மகள் எனக்கு அனுப்புவாள். நான் கறிபாப்பைக் கடித்துக்கொண்டு அதைப் பார்ப்பேன்.

உடம்பு எத்தனை நாள் பொறுக்கும்? முதலில் கேஸ்ட்ரிக் என்று வயிற்றுவலி வந்தது. அப்புறம் வேறு ஒன்று வந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை. புது வாடிக்கையாளர் வந்தால் கணினி 'டிங்' என்று ஒலிக்கும். அந்த டிங் கேட்டதும் கை நடுங்கும், உள்ளங்கை வேர்க்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மைக்ரோவேவ் ஒலித்தாலும் அப்படித்தான் ஆனது. மகள் சூடாக்கிய பாலை என்னிடம் நீட்டிக்கொண்டு, ஏன் அம்மா திடுக்கிடுகிறாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். மறுநாள் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இதையெல்லாம் நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். எங்கள் குழுவில் என்னோடு வேலை செய்தவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அதனால் அக்கா. நேரில் 'நீங்க' என்றுதான் பேசுவேன். இதை எழுதும்போது 'அவள்' என்றுதான் வருகிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் வீடு சிம்பாங் அம்பாட்டில். பட்டர்வொர்த்தில் காரை நிறுத்திவிட்டுத் தீவுக்கு ஃபெரி ஏறுவாள். நானும் அதே ஃபெரி. தினமும் நண்பகலில் அக்கரை போய்ச் சேரும்வரை பேச்சுதான். ஒருமுறை ஃபெரியிலேயே எனக்கு வயிற்றுவலி வந்து சுருண்டுவிட்டேன். கைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்து, தண்ணீரில் நனைத்துக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டிவிட்டாள். வேலைக்குத் தாமதமாகும் என்று தெரிந்தும் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், டாக்டர் கூப்பிடும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவளைப்போல் என்று நான் பலரிடம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அவள் நல்லவளாக இருந்ததே இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் பொய்யாகிவிடும்.

பலர் வேலையை விட்டுப் போகத் தொடங்கியதும் நிறுவனத்துக்கு எங்கள் உடல்நலத்தில் திடீர் அக்கறை வந்தது. கோலாலம்பூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். மன உறுதியை வளர்ப்பது எப்படி என்று பேசினார். ஆளுக்கு ஒரு உலர்ந்த திராட்சையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, நிதானமாக, முழுக் கவனத்தோடு மெல்லச் சொன்னார். பாதிப்பேர் மதியச் சோறு சாப்பிடாமல் வந்திருந்தோம். அந்தத் திராட்சை பசியைக் கிளப்பிவிட்டதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. கண்ணைத் திறந்து இருக்கைக்குப் போனால் எல்லாருடைய கட்டமும் சிவப்பாக இருந்தது.

அதன் பிறகு 'வெல்னஸ் பார்ட்னர்' திட்டம் வந்தது. இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டாயா, தூங்கினாயா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். பேசியது இருவருக்குள் இருக்கும் என்றும், கவலைப்படும்படி ஏதாவது இருந்தால் மட்டும் மேனேஜரிடம் சொல்லலாம் என்றும் விதி. எனக்கு யார் பார்ட்னர் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அக்காவும் நானும் கை தூக்கினோம்.

அந்த ஆண்டுக் கடைசியில் காலை ஷிப்டில் ஓர் இடம் காலியானது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிடலாம். ஒரே ஓர் இடம்தான். எனக்குப் பதவி ஆசை ஒன்றும் இல்லை. மகளோடு உட்கார்ந்து இரவுச் சோறு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பித்தேன்.

"நீங்களும் போடுங்கக்கா" என்று அவளிடம் சொன்னேன்.

"எனக்கு எதுக்கு மா. மதிய ஷிப்ட் அலவன்ஸ் போயிடும் லா. நீ போடு, உனக்குத்தான் சின்னப் பிள்ள இருக்கு" என்றாள்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை வெளியே சொல்லிக்கொண்டு திரியக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கணவரிடம்கூட, பால்குடம் எடுக்கிறேன் என்றேனே தவிர, எதற்கு என்று சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன். "காலை ஷிப்டுக்குத்தான்க்கா." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிடைக்கும் மா. நானும் உன்கூடக் குடம் எடுக்கிறேன். ரெண்டு பேரும் ஒண்ணா ஏறுவோம்" என்றாள்.

விரதம் தொடங்கியது. எனக்குள்ள விதிகள் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஒருவேளைச் சோறு, அதுவும் வீட்டில் குளித்துச் சமைத்தது. வெளியில் கை நனைக்கக்கூடாது. தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். கேளிக்கைக்குப் போகக்கூடாது. அலுவலகத்தில் பாலும் வாழைப்பழமும் மட்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த விரதத்தில்தான் என் உடம்பு தேறியது. நண்பகல் ஃபெரிக்குக் கிளம்புமுன், வீட்டில் வாழையிலை போட்டு, சாம்பாரும் கீரையும் மோரும் வைத்து, வேலை நாளில் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு கையால் பிசைந்து சாப்பிட்டேன். தே ஆயிஸ் நின்றது. கேஸ்ட்ரிக் வரவில்லை. பாயில் படுத்தால் கட்டையைப்போல் தூங்கினேன். ஒரு நாள் டிங் என்று கேட்டபோது, ஐயோ என்று தோன்றாமல், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் தோன்றியது. திராட்சைக்காரரால் முடியாததை ஒரு பிடி கீரைச் சோறு செய்தது.

குழுவோடு சாப்பிடப் போவதை நிறுத்தினேன். யாராவது கேக் நீட்டினால் வேண்டாம் என்றேன். பிறந்தநாள் விருந்துக்குப் போகவில்லை. எங்கள் மேனேஜர் மணிலாவிலிருந்து அண்மையில் மாற்றலாகி வந்தவர், நல்ல பெண்மணி. பினாங்கில் அவர் இன்னும் ஒரு தைப்பூசத்தைப் பார்த்ததில்லை. அவரிடம் நானே போய் விளக்கியிருக்கலாம். ஆனால் நான் விரதம் இருக்கிறேன் என்று பறைசாற்றிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அக்காவும், "யாராச்சும் கேட்டா நான் சொல்லிக்கிறேன் லா, நீ உன் விரதத்தப் பாரு" என்றாள். குழுவில் நாங்கள் இருவர்தான் தமிழர்கள். ஒரு தமிழச்சிக்கு விரதத்தை விளக்க வேண்டுமா என்ன? அவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் மேனேஜர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். காலை ஷிப்டுதான் என்று மனசு குதித்தது. போய் உட்கார்ந்தேன். நான் அழவே இல்லை, அதற்குள் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் பேசியது ஆங்கிலத்தில். குரல் அவ்வளவு கனிவாக இருந்தது.

"உங்களைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. நீங்கள் சாப்பிடுவதே இல்லையாம். யார் என்ன கொடுத்தாலும் தொடுவதில்லையாம். எல்லாரிடமிருந்தும் விலகிவிட்டீர்களாம். வீட்டில் கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் படுக்கிறீர்களாம். முன்பு ஒருமுறை படிக்கட்டில் உட்கார்ந்து அழுதீர்களாமே, கைகூட நடுங்குமாமே."

நான் சிரித்துவிட்டேன். உண்மையில் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் இன்னும் பயந்துபோனார். இது விரதம் மேடம், எங்கள் திருவிழாவுக்காக இருப்பது, முடிந்ததும் எல்லாம் சாப்பிடுவேன், இப்போது முன்பைவிட நன்றாக இருக்கிறேன் என்று விளக்கினேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. நான் தரையில் படுப்பது இந்த அலுவலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். "மத சம்பந்தமான விஷயமா என்று உங்கள் பார்ட்னரைக் கேட்டேனே. நேராகவே கேட்டேன். 'அது அவருடைய சொந்த விஷயம், அதைப் பற்றி நான் பேசுவது சரியில்லை' என்றார். எவ்வளவு பொறுப்பான பதில் என்று நினைத்தேன்."

"காலை ஷிப்டுக்கு யாரை எடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பெயரை அனுப்பியாகிவிட்டது. புதியவர்களைப் பயிற்றுவிக்க மனத்தளவில் திடமான ஒருவர் வேண்டுமில்லையா? நீங்கள் ஓய்வெடுங்கள், அடுத்த முறை பார்க்கலாம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "உங்கள் பார்ட்னருக்குத்தான் போகிறது. கடைசி நாளில் விண்ணப்பித்தார். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்."

டிஷ்யூ பெட்டியைத் திரும்ப அவர் பக்கமே தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்று மூன்று வாடிக்கையாளர்களுக்கும் என்ன பதில் எழுதினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் ஃபெரியில் அவள் வழக்கம்போல் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் உட்காரவில்லை.

"மேனேஜர் கேட்டப்ப விரதம்னு ஏன்க்கா சொல்லல?"

அவள் முகம் ஒரு கணம்தான் மாறியது. "நான் பொய் ஒண்ணும் சொல்லலியே மா. நீ சாப்பிடல, தரையிலதான் படுக்கிற. எல்லாம் உண்மதான?"

"விரதம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல."

"அது உன் சொந்த விஷயம் லா. பிரைவசின்னு டிரெயினிங்ல சொன்னாங்கல்ல."

"நான் படிக்கட்டுல உக்காந்து அழுதது சொந்த விஷயம் இல்லியா? என் கை நடுங்குனது?"

பக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றாள் அவள். "புது ஆளுங்கள வச்சி மேய்க்கிறது லேசு இல்ல. நீ தாங்க மாட்ட மா." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் வயசாவுது. முட்டி வலிக்குது, தூக்கமே இல்ல. நானும் எத்தன வருசம்தான் இந்த ஷிப்ட்ல கெடக்குறது?" என்றாள்.

அவள் பேசியதில் அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் நேர்மையாக இருந்தது. அதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருப்பேனா? மாட்டேன். ஆனால் இருவரும் முகத்துக்கு நேரே சண்டை போட்டிருப்போம். என் வாயால் நான் சொன்னதையே எடுத்து என் கழுத்தை அறுத்திருக்க வேண்டாம். ஊட்டிவிட்ட அதே கைதான் என் தட்டையும் பிடுங்கியது. அதை நினைத்தபோது வயிறு எரிந்தது. விரதம் இருக்கிற வயிறு, கோபப்படக்கூடாது என்று வேறு விதி. எரிந்தது எரிந்ததுதான்.

எந்த வேண்டுதலுக்கு நான் வாயைக் கட்டினேனோ, அந்த விரதத்தை வைத்தே அந்த வேண்டுதல் போனது. முருகனோடு எனக்குப் பெரிய சண்டை இருந்தது. ஆனாலும் தைப்பூசத்தன்று குடத்தை எடுத்தேன். இத்தனை நாள் இருந்துவிட்டு எடுக்காமல் விட மனம் ஒப்பவில்லை. தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் என்னோடு ஏறுவதாகச் சொன்னவள் வரவில்லை. காலை ஷிப்ட் அல்லவா? வேலை இருக்கும். கும்பிடும் கை படத்தோடு ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது. "என் பேரையும் சொல்லி வேண்டிக்கோ மா."

சந்நிதியில் அவள் பேரைச் சொன்னேன். என்ன கேட்டேன் என்பதை எழுத மாட்டேன்.

பால் ஊற்றி இறங்கி வந்ததும், கணவரும் மகளும் காத்திருந்தார்கள். தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் சோறு போட்டார்கள். மகள் என் மடியில் சாய்ந்துகொண்டு, என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாள். "நாளைக்கும் இப்படிச் சாப்பிடலாமா?" என்றாள். அப்போதுதான் நான் அழுதேன். நல்லவேளை, அங்கே யாரும் டிஷ்யூ பெட்டியை நகர்த்தவில்லை.

அதன்பின் நான் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். வீட்டுச் சோற்றை டிபன் கேரியரில் கொண்டுபோய், இடைவேளையில் கணினியை விட்டு எழுந்து, கைகழுவும் தொட்டி அருகே இருக்கும் மேசையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டேன். முதல் வாரம் கட்டம் சிவப்பாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன். யாரும் சாகவில்லை.

மாதங்கள் ஓடின. இரண்டு ஷிப்டும் சேரும் பிற்பகலில் அக்காவைப் பார்ப்பேன். இளைத்திருந்தாள். புதியவர்கள் செய்யும் தவறெல்லாம் அவள் கணக்கில் ஏறியது. இடைவேளையில் அவள் கீழே போய் நான் பார்க்கவில்லை. ஒருநாள் கழிவறையில், கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கை நடுங்கியது. எனக்கு அந்த நடுக்கம் நன்றாகத் தெரியும். நான் குழாயை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

மேனேஜர் மறுபடி அழைத்தார். காலை ஷிப்ட் வேலையில் அவளை நிரந்தரமாக்கும் நேரம் வந்திருந்தது. வெல்னஸ் பார்ட்னர்களை யாரும் மாற்றவில்லை. ஏட்டளவில் நான்தான் இன்னும் அவளுக்குத் துணை.

"உங்கள் பார்ட்னரைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும்" என்றார். "அவர் சரியாகச் சாப்பிடுகிறாரா? தாக்குப்பிடிக்கிறாரா?"

எத்தனை உண்மைகள் என் வாய்க்குள் தயாராக இருந்தன! சாப்பிடுவதில்லை. இளைத்துவிட்டாள். கை நடுங்குகிறது. கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அந்த இடம் மறுபடி காலியாகும். அடுத்த முறை என்று எனக்குச் சொல்லப்பட்ட முறை அதுதான். மகள் அன்றும் தட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

"அவங்களையே கேளுங்க மேடம்" என்றேன். மேனேஜருக்குத் தமிழ் புரியாததால் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். என்னைப் பற்றிக் கேட்டபோது அவள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். பெருந்தன்மையால் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். அவள் செய்ததை என் வாயாலும் செய்ய எனக்கு அருவருப்பாக இருந்தது.

அறையை விட்டு வந்தால் லிஃப்ட் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.

"என்னப் பத்தி என்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. உங்களையே கேக்கச் சொன்னேன்."

என் முகத்தை மேலும் கீழுமாகப் பார்த்தாள். வருடக்கணக்காக ஃபெரியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த முகம்தான்.

"பரவால்ல, சொல்லு மா" என்றாள். குரல் கெஞ்சியது. "நான் கோவப்பட மாட்டேன்."

மறுபடி சொன்னேன். அவள் நம்பவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டாள் என்று தெரிந்தது. என் இடைவேளை ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு, டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தேன். அவள் அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட வாங்கக்கா என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.